லடாக் போறதுக்கு ஒரு வண்டி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாம், வாசல்தானுங்களே. வண்டி பாக்க வந்தீங்களா? கரூர்ல இருந்தா? அடக் கடவுளே, இந்த வெயில்லயா!

விக்கிறோம்னு யாருங்க சொன்னாங்க? போன்ல போட்டிருந்துச்சா? போட்டோவோடவா? எங்க, காட்டுங்க. அட, நம்ம வாசல்தான். நம்ம வண்டிதான். இது எம் மச்சினன் பண்ணின வேலைங்க. எங்கூட்டுக்காரிக்குத் தம்பி. அவனுக்கு இந்த வண்டியக் கண்டாலே ஆகாது. "மாமா, இதைத் தொலைச்சுத் தலை முழுகுங்க"ம்பான். வரட்டும் இன்னைக்கு, நாலு வார்த்தை நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கறேன்.

கோவிச்சுக்காதீங்க. வண்டி விக்கிறதுக்கில்ல. ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போங்க. சம்பூர்ணம்! மோர் கொண்டா, ஆள் வந்திருக்குது! அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காருங்க தம்பி. வெறுங்கையோட அனுப்பறேன், வெறும் வயித்தோடயா அனுப்பறது.

எங்க போறதுக்குங்க வண்டி? லடாக்கா?

அப்படீங்களா.

அப்பச் சித்த உக்காருங்க. உங்ககிட்டச் சொல்லித்தான் ஆகணும். எம்பேரு பொங்கியண்ணன். நாமக்கல் லாரி ஸ்டாண்டுல எவனை வேணாலும் கேட்டுப் பாருங்க. நேசனல் பெர்மிட் ஓட்டினவன். கவுகாத்திக்கு முட்டை ஏத்திட்டுப் போனவன். லூதியானா, ஜம்மு, எல்லாம் நமக்கு வாசப்படி மாதிரி. இடுப்பு விட்டுப் போச்சு, அதனால ஊட்டுல உக்காந்திருக்கேன். எந்த ரோட்டுக்கு எந்த வண்டின்னு என்னைக் கேக்காம இந்தத் தெருவுல ஒருத்தன் வண்டி எடுக்க மாட்டான். கேக்காதவ ஒருத்திதான். எம் பொண்ணு.

தாரணி. ஒரே பொண்ணு. கோழித் தீவனக் கம்பெனில லேப்ல வேலை. நல்ல சம்பளம், நல்ல பேரு. மாப்பிள்ளை பாக்கலாம்னா, "இருங்கப்பா, ஒரு தடவை லடாக் போயிட்டு வந்துடறேன்"னா. தனியா. வண்டில. நான் வேண்டாம்னு சொல்லலீங்க தம்பி. ஊரே சொல்லுச்சு, பொட்டப்புள்ளைய அனுப்பாதீங்கன்னு. நான் சொன்னேன், எம் பொண்ணு எம் ரத்தம், போகட்டும்னு. அதை யாரும் இப்பச் சொல்ல மாட்டாங்க.

வண்டி எடுக்கறதுலதான் வந்துச்சு. ஒரு வருசமா அவளுக்கு அதே சோலி. கம்பெனி விட்டு வந்தா போனும் கையுமா உக்காந்துக்குவா. எந்த வண்டி எவ்வளவு கனம், சீட்டு எவ்வளவு ஒசரம், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், வடக்க ஏதோ ஒரு பட்டிக்காட்டுல நின்னு போச்சுன்னா அங்க இருக்கற மெக்கானிக் கை வைப்பானா மாட்டானா. அப்படியெல்லாம் பாத்துப் பாத்து, கடைசில எதைப் புடிச்சா தெரியுங்களா? ஒரு நூத்தம்பது சிசி. பால்காரன் ஓட்டற வண்டி! எங்கூட்டுக்கு தினமும் பால் கொண்டாறானே, அதே வண்டி!

"என்ன அம்மணி இது, லடாக் போறதுக்கு இதா?"ன்னேன். "எனக்கு வேகம் வேண்டாம்ப்பா. எஞ்சம்பளத்துல அடங்கணும். எங்க நின்னாலும் யாராவது சரி பண்ணித் தரணும். முக்கியமா, விழுந்தா நானே தனியாத் தூக்கணும்"ங்கறா.

விழுந்தாவாம்! வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே வாயில என்ன வருது பாருங்க. எங்க தொழில்ல அந்தப் பேச்சே ஆகாதுங்க. புது லாரி ஷெட்டை விட்டு வெளிய வரும்போது நாங்க "பாத்துப் போ"ன்னு கூடச் சொல்ல மாட்டோம். "போயிட்டு வா"தான். பாத்துப் போன்னா என்னமோ ஆகப் போகுதுன்னு நாமளே சொல்ற மாதிரி இல்லீங்களா? போய் வாயைக் கழுவிட்டு வான்னு அனுப்பினேன்.

அதோட விட்டாளா? கம்பெனிக்குப் பின்னாடி கிரவுண்டுல சிநேகிதி வண்டியப் படுக்கப் போட்டு, முதுகைக் குடுத்துத் தூக்கறது, திரும்பப் போடறது, திரும்பத் தூக்கறது. ஸ்டாண்டுல என் கூட்டாளிக சிரிக்கறாங்க. "என்னண்ணா, உம்பொண்ணு வண்டி ஓட்டப் போகுதா, இல்ல சர்க்கஸ்ல சேரப் போகுதா?" எனக்கு மானம் போச்சுங்க.

நீங்க காலி லாரி ஓட்டிப் பாத்திருக்கீங்களா? இல்ல, நீங்க எங்க ஓட்டியிருப்பீங்க. காலியா வர்ற லாரி ரோட்டுல குதிக்கும். காத்தடிச்சா ஆடும். பிரேக் அடிச்சா இழுத்துட்டுப் போகும். அதே லாரில லோடு ஏத்துங்க, கல்லு மாதிரி ரோட்டைப் புடிச்சுக்கும். கனந்தாங்க வண்டிக்கு உசுரு. இதை நான் யாருகிட்டயும் படிச்சுத் தெரிஞ்சுக்கல, என் இடுப்பைக் குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டது. மலையில, ஆளில்லாத ரோட்டுல, தனியாப் போற பொண்ணுக்கு அப்பன்காரன் பால்வண்டியா எடுத்துத் தருவான்?

திருச்செங்கோடு ரோட்டுல நம்ம சிநேகிதன் ஒருத்தன் பைனான்ஸ் வச்சிருக்கான். தவணை கட்டாத வண்டியெல்லாம் புடிச்சாந்து ஷெட்டுல நிறுத்தி வச்சிருப்பான். அங்க நின்னுச்சு இந்த வண்டி. யாரோ ஆசைப்பட்டு எடுத்துட்டு ஓட்டவே இல்ல. புது டயர்ல இருக்கற ரப்பர் முடி கூடத் தேயல. அந்தப் பால்வண்டி வாங்கற காசுக்கு இந்த யானையக் கொண்டாந்தேன் தம்பி! அவ ஷோரூம்ல அட்வான்ஸ் குடுத்து வச்சிருந்தா. அங்க இருக்கறது நமக்குத் தெரிஞ்ச பையன். "பொண்ணு மனசு மாறிட்டா"ன்னு சொல்லி நானே கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன். சொல்லிட்டுச் செஞ்சா அதுல என்ன சந்தோசம் இருக்குது, சொல்லுங்க.

அதோட நிக்கல. லாரி பாடி கட்டற பட்டறைக்கு ஓட்டிட்டுப் போயி, பின்னாடி இரும்பு ஆங்கிள் வச்சுக் கேரியர், ரெண்டு பக்கமும் பொட்டி. லாரிக்குப் போடற தகடுங்க, சும்மா இல்ல. அவ என்னமோ துணிப்பை ரெண்டு போதும்னு சொல்லிட்டிருந்தா. மழையில நனையற பைய வச்சுக்கிட்டு அங்க என்ன பண்றது? ஒரு பொட்டில ஸ்பேரு, டூல்ஸு, சங்கிலி, எல்லாம் நானே அடுக்கினேன். இன்னும் அப்படியே இருக்குது பாருங்க, ஒரு போல்ட்டு குறையல.

அவ கம்பெனில இருந்து வந்தா. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு, படிகாரம் கட்டி, அதா அந்த எடத்துலதான் நிறுத்தியிருந்தோம். எங்கூட்டுக்காரி ஆலாத்தி எடுத்தா. "ஏறு அம்மணி"ன்னேன். ஏறினா. நுனிக்காலுதான் தரையில பட்டுச்சு. "போகப் போகப் பழகிரும்"னேன். குனிஞ்சு தரையப் பாத்தா. கண்ணுல தண்ணி நின்னுச்சு. எனக்கும் தண்ணி வந்துருச்சுங்க. சந்தோசம்னா அப்படித்தானே?

அன்னைக்கு ராத்திரி வந்து, "அப்பா, அந்தப் பொட்டிகளையாவது கழட்டிரலாமா?"ன்னு கேட்டா. வெல்டு அடிச்சாச்சு அம்மணி, எங்க கழட்டறதுன்னேன். சரிப்பான்னுட்டுப் போயிட்டா. அவ்வளவுதான், வேற ஒரு சண்டை இல்ல, ஒரு மூஞ்சி தூக்கல. அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு நினைக்கற புள்ளைங்க அது.

இந்தாங்க, மோர் வந்துருச்சு. குடிங்க. உப்புப் பத்துதுங்களா?

போனா. வண்டின்னா வண்டிங்க தம்பி! பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர். ராத்திரி தங்கற எடத்துல இருந்து போன் வரும். "வண்டி எப்படி அம்மணி?" "ஒரு குறையும் இல்லப்பா." டில்லில இருந்து போன். "ஒரு குறையும் இல்லப்பா." நான் அதை ஸ்டாண்டுல போயி எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஒரு பஞ்சர் இல்ல, ஒரு கேபிள் அறுந்தது இல்ல. அவ அம்மாகிட்ட வேற சொல்லியிருக்கா. பெட்ரோல் பங்க்குல வண்டிய ஸ்டாண்டை விட்டு எடுக்க முடியாம ஆளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னது, ஜான்சில லாட்ஜ் வாசல்ல சாய்ஞ்சு நாலு பேரு வந்து தூக்கி விட்டது. அதையெல்லாம் இந்த சம்பூர்ணம் எங்கிட்ட மறைச்சுட்டா. சொல்லியிருந்தா நான் போன்ல ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லியிருப்பேன்.

மணாலி தாண்டித்தான் ஆச்சு. மலையில பனி உருகி ரோட்டு மேல தண்ணி ஓடுமாங்க. நான் ஜம்மு வரைக்கும் போனவன், அந்த ரோட்டுல போனதில்ல. பெரிய ஆறெல்லாம் இல்ல. முழங்கால் தண்ணி கூட இல்ல. இவ வேகமாவும் போகல, நடந்து போற வேகம். நடுவுல வண்டி ஒரு கல்லுல முட்டி நின்னுருக்குது. கால் ஊனப் பாத்திருக்கா. எட்டல. அப்படியே சாய்ஞ்சுருச்சு. பொட்டி கால் மேல.

அந்தப் பொட்டியப் பாருங்க தம்பி. ஒரு நெளிசல் இருக்குதா? தொட்டுப் பாருங்க. எந்தப் பட்டறையில கட்டினதுன்னு நினைக்கறீங்க.

அந்தத் தண்ணி ஐஸுங்க. அதுல கெடந்திருக்கா. ஆளில்லாத எடம். அப்புறம் ஒரு பஞ்சாப் லாரி வந்திருக்குது. டிரைவரும் கிளீனரும் எறங்கி, லீவர் குடுத்து நெம்பித்தான் தூக்கியிருக்காங்க. பாத்தீங்களா, கடைசில யாரு வந்தா? லாரிக்காரன்! நம்ம சாதிசனம்னா அதுதாங்க. அந்த சர்தார்ஜி நம்பர் இன்னும் வச்சிருக்கேன், பொங்கலுக்குப் போன் பண்ணினேன்.

கால் செத்துப் போச்சுன்னாங்க ஆஸ்பத்திரில. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

நானும் சம்பூர்ணமும் மச்சினனும் பிளேன்ல போனோம். நான் பிளேன் ஏறினதே அன்னைக்குத்தான். அங்க போயும் எனக்கு ஒரு பக்கம் வண்டிக் கவலை. அங்கயே விட்டா கண்டவன் கழட்டித் தின்னுருவான் இல்லீங்களா? ஸ்டாண்டுக்குப் போன் பண்ணி, சண்டிகர்ல இருந்து ரிட்டன் வர்ற நம்மூர் லாரில ஏத்தி விட்டேன். அம்மணிக்கு முன்னாடி வண்டி ஊடு வந்து சேந்துருச்சு.

மச்சினன் இருக்கானே, ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு, "அவ கேட்ட வண்டிய எடுத்துக் குடுத்திருந்தா எந்திரிச்சு வந்திருப்பா மாமா"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அறிவு கெட்டவனே, அந்தப் பால்வண்டியா இருந்திருந்தா தண்ணி இழுத்துட்டே போயிருக்கும்டா, இவளையும் சேத்து! கனமா இருந்ததாலதான் அதே எடத்துல நின்னுச்சு. அவ உசுரோட இருக்கான்னா அது இந்த வண்டி போட்ட பிச்சை. நீங்களே சொல்லுங்க, நான் சொல்றது தப்பா?

ஏனுங்க, தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க? மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டுமா?

உள்ளதாங்க இருக்கா. அந்த ரூம்புதான், வாசல் பாத்த சன்னல். கோயமுத்தூர்ல செயற்கைக் கால் செஞ்சு போட்டாச்சு. கம்பெனிக்குப் போறா, ஆட்டோ வந்து கூட்டிட்டுப் போகும். எல்லாம் சரியாத்தான் இருக்குது. எங்கிட்ட மட்டும் பேச்சில்ல. அம்மாகிட்டப் பேசறா, மாமன்கிட்டச் சிரிச்சுக்கூடப் பேசறா. நான் போனா வாய் மூடிக்குது. ஆஸ்பத்திரில இருந்து வந்த நாளா 'அப்பா'ங்கற சொல்லு அவ வாயில வரல தம்பி. கோவமெல்லாம் இல்ல. வெசனம். கால் போன வெசனம், பாவம். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. எம் பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும். நான் சாகறதுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை.

அதுக்குத்தான் இந்த வண்டிய இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். தினமும் காத்தால தொடைச்சு, அவ சன்னலுக்கு நேரா நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி நல்லா நாலு முறுக்கு முறுக்குவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டா அவளுக்கு ஒரு உற்சாகம் வரும், பழைய நெனைப்பு வரும்னு. அவ சன்னலைச் சாத்திக்குவா. புகை ஆகாது அவளுக்கு.

போன மாசம் அம்மாகிட்டச் சொல்லி விட்டிருக்கா. மூணு சக்கரம் வச்ச ஸ்கூட்டர் ஒண்ணு பாத்து வச்சிருக்காளாமா, இதை வித்துட்டு அதை எடுத்துக்கறாளாமா, ஆட்டோவுக்குக் காத்துக் கெடக்க முடியலையாமா. மறுபடியும் பாருங்க, மறுபடியும் பொம்மை வண்டி! பொங்கியண்ணன் பொண்ணு மூணு சக்கரத்துல போறதை இந்த ஊர் பாக்கணுமா? முடியாதுன்னுட்டேன். அதைக் கேட்டுட்டுத்தான் மச்சினன் எனக்குத் தெரியாம போன்ல போட்டு விட்டிருக்கான், திருட்டுப் பய.

என்னது?

மச்சினன் இல்லீங்களா? அப்ப யாரு பேசினா உங்ககிட்ட? பொம்பளைக் குரலா? சம்பூர்ணத்துக்கு அதெல்லாம் தெரியாதே. பேரு சொல்லுச்சா?

தாரணின்னு சொன்னாளா.

எவ்வளவு நேரம் பேசினா? அரை மணி நேரமா? உங்ககிட்டயா? தப்பா நினைக்காதீங்க தம்பி, யாருன்னே தெரியாத உங்ககிட்ட அரை மணி நேரம் பேசினாளா? குரல் எப்படிங்க இருந்துச்சு? இல்ல, சும்மாதான் கேக்கறேன். நல்லா இருந்துச்சுங்களா? கலகலன்னு பேசினாளா? என்னைப் பத்தி ஏதாச்சும்? ஒண்ணும் இல்லையா. சரி. வண்டி பத்தி மட்டுந்தானா.

என்ன சொன்னா? வண்டில ஒரு குறையும் இல்லைன்னாளா! சொன்னேன்ல! சொன்னேன்ல நான்! அவ வாயாலயே வந்துருச்சு பாத்தீங்களா!

அப்புறம்? படுக்கப் போட்டா? என்னங்க பேச்சு இது, நல்ல வண்டிய எதுக்குப் படுக்கப் போடறது? வாங்கறதுக்கு முன்னாடி படுக்கப் போட்டுத் தனியாத் தூக்கிப் பாக்கச் சொன்னாளா? தூக்க முடிஞ்சா மட்டும் எடுக்கச் சொன்னாளா? இந்தப் புள்ளைக்கு அந்தப் பைத்தியம் இன்னும் தெளியல.

சரி, போடுங்க. அவ சொல்லியிருந்தா போடுங்க. மெதுவா. ஹேண்டில் பாருங்க, மண்ணுல படாம. ஆ, சரி. தூக்குங்க. தம் புடிச்சுத் தூக்குங்க தம்பி. அட, என்னங்க இது, வாலிபப் புள்ளை, ஒரு சாண் கூட எந்திரிக்கல. கைய வேற சிராய்ச்சுக்கிட்டீங்க. சாப்பிடறீங்களா இல்லையா நீங்கெல்லாம்? தள்ளுங்க. பெட்ரோல் ஒழுகுது, தள்ளுங்க. இதெல்லாம் ஒரு கனமா? ஸ்டெப்னி டயரை ஒத்தை ஆளா உருட்டி ஏத்தினவன் நான்.

ம்ம்.

இருங்க, கால் வழுக்குது. நீங்க கை குடுக்க வேண்டாம். வேண்டாங்கறேன்ல! சன்னல்ல நிக்கறா பாருங்க. பாக்கறா. அம்மணி பாக்கறா. கை வைக்காதீங்க தம்பி, அவ பாக்கறப்ப நானே தூக்கணும். இப்பப் பாருங்க.

ம்ம். வருது. வருது.

வரலீங்க.

இந்தப் பக்கமாப் புடிச்சா வரும். அந்தப் பொட்டிதான் தடுக்குது, பொட்டியில்லாட்டி வந்துரும். இடுப்பு. ஐயோ, இடுப்பு. இல்ல இல்ல, விடுங்க, உக்காந்துக்கறேன். இப்படியே மண்ணுல உக்காந்துக்கறேன். ஒரு நிமிசம். மூச்சு வாங்குது. திரும்பத் தூக்கறேன்.

என்ன அம்மணி?

என்ன சொன்னே?

கேட்டீங்களா தம்பி? உங்களுக்கும் கேட்டுச்சா? "அப்படித்தாம்ப்பா நானும் தூக்கிப் பாத்தேன், பொழுது எறங்கற வரைக்கும்"ங்கறா.

பொழுது எறங்கற வரைக்குமா. மத்தியானம் போன் பண்ணினாளே அன்னைக்கு. சாப்பிட்டாச்சுப்பா, கிளம்பறேன்னாளே. அப்ப அதுல இருந்து இருட்டற வரைக்கும், அந்தத் தண்ணிக்குள்ள, தனியா.

வேண்டாங்க. தூக்காதீங்க. கெடக்கட்டும் அது. பெட்ரோல் ஒழுகினா ஒழுகட்டும். நீங்க இதை எடுக்காதீங்க தம்பி. சும்மா குடுத்தாலும் எடுக்காதீங்க. சின்ன வண்டியாப் பாத்து எடுங்க, அந்தப் பால்காரன் வண்டி மாதிரி, உங்க ஒருத்தராலயே தூக்கற மாதிரி. உங்கப்பா ஏதாச்சும் சொன்னாக் கேக்காதீங்க. போயிட்டு வாங்க. இல்ல. பாத்துப் போங்க தம்பி. பாத்துப் போங்க.

அம்மணி. அம்மணி, நான் உள்ள வரட்டுமா?